நூறு கிலோவைக் கழற்றி வைத்துவிட்டுப் பச்சைமலைக்கு

ஞாயிறு, காலை 6.10. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஜீப் கிளம்பியபோது மீட்டரில் 41,872 கிலோமீட்டர் இருந்தது. வண்டி என் மனைவி லலிதாவின் அக்கா மகன் முரளியுடையது. ஓட்டியதும் அவன்தான். போக வேண்டிய இடம் பச்சைமலைக்கு மேலே உள்ள நெல்லிப்பாறை என்ற சிற்றூர். அன்று நாங்கள் போனது ஒத்திகைக்கு. உண்மையான பயணம் வியாழக்கிழமை.

ஊருக்குப் போவதற்கு ஒத்திகை பார்க்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் லலிதா. ஆகவே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் முன்பு லலிதாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. திருச்சியில் ஒரு மருத்துவமனையின் தரைத்தளத்தில் ஒன்பது நாள் இருந்தோம். அடுத்த கட்டிலில் நெல்லிப்பாறைச் செல்லம்மா. வயது ஐம்பத்திரண்டு. மரவள்ளிக் காட்டில் பாறை சறுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நொறுங்கி, தகடும் ஆறு திருகுகளும் வைத்திருந்தார்கள். வெந்நீர் கிடைப்பது இரண்டாம் மாடியில். நாற்பத்திரண்டு படிகள். என் முழங்கால் லலிதாவின் முழங்காலுக்கு அண்ணன். முதல் நாள் நான் படியின் கீழே பிளாஸ்க்கோடு நின்றதைப் பார்த்துவிட்டுச் செல்லம்மாவின் கணவர் பெரியசாமி அதை வாங்கிக்கொண்டு மேலே போனார். ஒரு நாளைக்கு மூன்று முறை. ஒன்பது நாளில் இருபத்தேழு பிளாஸ்க். ஒருமுறைகூட நான் கேட்டு அவர் போனதில்லை.

செல்லம்மாவை வியாழனன்று வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன டாக்டர் ஒரு நிபந்தனையும் சொன்னார். சாய்ந்து உட்காரலாம், மெல்ல நடக்கலாம். ஆறு வாரத்துக்கு உடம்பு தூக்கிப் போடக் கூடாது. திருகு அசைந்தால் மறுபடியும் திறக்க வேண்டும். ஆனால் மலைமேல் டாப் செங்காட்டுப்பட்டி தாண்டித் தார்ச்சாலை முடிந்தபின் நெல்லிப்பாறைக்கு 4.6 கிலோமீட்டர் மண்பாதை. ஆம்புலன்ஸ் அதில் போகாது. டிராக்டர் போகும். விழுந்த அன்று அவளைக் கயிற்றுக் கட்டிலோடு எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்களாம். ஊருக்குத் திரும்புவது டிராக்டரில்தான் என்றார் பெரியசாமி. முரளியிடம் சொன்னேன்.

"நம்ம வண்டி எதுக்கு இருக்கு சித்தப்பா? நான் லீவு போட்டுடறேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

முரளி எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறான்; வயது முப்பத்தாறு. வாரம் ஆறு நாள் அலுவலகத்தில் கணினி, ஏழாவது நாள் காடு மேடு. ஐந்து மாதம் முன்பு ஜீப்பின் முகத்தில் கனமான இரும்புப் பம்பரும் அதன்மேல் விஞ்சு ஒன்றும் பொருத்தியிருந்தான். விஞ்சு என்பது மின்சாரத்தில் சுழலும் உருளை. வண்டி சேற்றில் மாட்டினால் அதன் கம்பியை எதிரே உள்ள மரத்தில் கட்டி, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளலாம். அதைப் பொருத்திய அன்று ஊரிலுள்ள சொந்தக்காரர் எல்லாருக்கும் படம் அனுப்பினான்.

6.25, கொள்ளிடம் பாலம். பாலத்தில் ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஏறி இறங்கும்போது வண்டியின் மூக்கு ஒருமுறை குனிந்து, நிமிர்ந்து, இன்னொருமுறை குனிந்தது. மண்ணச்சநல்லூர் வேகத்தடைகளிலும் அப்படியே. துறையூரில் 7.30க்குக் காப்பி, இருபது ரூபாய், நல்ல காப்பி. முரளி பணம் கொடுக்கப் போன நேரத்தில் சக்கரத்துக்கும் மேலே உள்ள வளைவுக்கும் இடையே விரல் வைத்துப் பார்த்தேன். பின்னால் ஆறு விரல் நுழைந்தது. முன்னால் நான்கு.

"என்ன சித்தப்பா, வண்டிக்கு நாடி பிடிக்கிறீங்களா?"

"மூக்கு தொங்குதே முரளி."

"அது சாக்கப்ஸர் வேலை. ரெண்டு வாட்டி மாத்திட்டேன். இப்போ பின்னாடி ரெண்டு மூட்டை மணல் வேற போட்டிருக்கேன், பேலன்ஸுக்கு."

உப்பிலியபுரம் 8.00. சோபனபுரம் 8.15. அங்கிருந்து மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகள் நான் எண்ணியவரை பதினொன்று. முரளி பத்து என்றான். ஏற்றத்தில் வண்டி ஒழுங்காகவே போனது. பலா மரங்களும் முந்திரியும் ஈரமாக நின்றன, காற்று வேறு ஊர்க் காற்றாக மாறியது. தார் முடியும் இடத்தில் நான் நோட்டைத் திறந்தேன்.

மண்பாதையில் குழி ஆழமில்லை; அடிக்கடி வந்தது. முன்சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறும்போதெல்லாம் காலடியில் இரும்பை இரும்பால் அடித்தது போல ஒரு 'தட்'. அந்தத் தட் என் இடுப்பில் புகுந்து பிடரியில் வெளியே போனது. சாதாரணக் குலுக்கலை நான் சேர்க்கவில்லை. தட் மட்டும் முப்பத்தொன்று.

நெல்லிப்பாறை ஓடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். "ஆஃப் ரோடுன்னா இப்படித்தான் சித்தப்பா இருக்கும்."

"உனக்கு இப்படித்தான். செல்லம்மாவுக்கு?"

 திரும்பும் வழியில் நான்தான் மண்ணச்சநல்லூரில் நிறுத்தச் சொன்னேன். அரிசி ஆலைகளுக்கு நடுவே லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்று இருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் எடைகளையும் அளவுகளையும் சோதித்து முத்திரையிடும் அரசு வேலையில் இருந்தவன் நான். சந்தேகம் வந்தால் போக வேண்டிய இடம் எனக்குத் தெரியும். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றச் சொன்னேன். மேடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"முன்னாடி மட்டுமா? ஏன் சார், வண்டியப் பாதியா வெட்டி விக்கப் போறீங்களா?"

"இல்லைங்க. மூட்டு வலி. எந்தக் காலுன்னு பாக்கறோம்."

அவர் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். முறைக்கு அறுபது ரூபாய். மணல் மூட்டைகளோடு முன்பாரம் 1,090 கிலோ. மூட்டைகளை இறக்கிவிட்டு நிறுத்தோம்: அதே 1,090. மூட்டைகள் பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தன. முன்சக்கரத்தை அவை தொடவே இல்லை. முரளி சீட்டை இரண்டு முறை படித்தான். மூட்டைகளை மறுபடி ஏற்றவில்லை. மேடைக்காரரே கேட்டு வாங்கிக்கொண்டார். மூட்டைகள் இல்லாமல் பின்பாரம் 760.

செவ்வாய், காலை 10.00. மன்னார்புரத்தில் ஆரோக்கியம் என்பவரின் பட்டறை. முரளியின் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர். ஆனால் பம்பரையும் விஞ்சையும் பொருத்தியது அவரல்ல, வேறெங்கோ பொருத்திய வேலை. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை.

ஜீப்பைத் தூக்கி நிறுத்தி விளக்கைப் பிடித்தார். முன்பக்கம் அடியில் இரண்டு ரப்பர்க் கட்டைகள். சக்கரம் அளவுக்கு மீறி மேலே வந்தால் கடைசியாகத் தாங்குவதற்கானவை. இரண்டும் நசுங்கி, மேலே உள்ள இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது.

"பாத்தீங்களா ஐயா? இது தெனம் அடி வாங்குது. உங்களுக்கு இடுப்புல விழுந்தது இதான்."

"சாக்கப்ஸர் மாத்தியும் ஏண்ணே?" என்றான் முரளி.

"தம்பி, பாரத்தைத் தாங்கறது ஸ்பிரிங்கு. சாக்கப்ஸர் ஆட்டத்தை அடக்கறதுக்குதான். நீ தங்கத்துல வாங்கி மாட்டினாலும் அது வண்டியத் தூக்காது. உன் ஸ்பிரிங்கு சும்மா நிக்கறப்பவே பாதி குனிஞ்சு நிக்குது. குழி வந்தா இன்னும் எங்க குனியும்? நேரா கட்டையில போய் முட்டுது."

"ஸ்பிரிங்க கெட்டியா மாத்திடலாமே?"

"மாத்தலாம். இந்தப் பாரத்துக்குத் தகுந்ததா சொல்லி அனுப்பணும், பன்னெண்டு நாள் ஆகும். அந்த அம்மாவ என்னைக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"நாளை மறுநாள்" என்றேன்.

ஆரோக்கியம் ஸ்பானரைத் துணியில் துடைத்தார்.  நான் வாயைத் திறந்தால் முரளிக்கு உத்தரவு போட்டதாகிவிடும் என்று தேநீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி அவனுடையது, லீவும் அவனுடையது. அவன் ஜீப்பின் முன்னால் போய் நின்றான். பம்பரின் மேல் தூசி இருந்தது, கையால் துடைத்தான்.

"இது இல்லாம பொக்கை வாய் மாதிரி இருக்கும்ணே."

"பரவாயில்ல தம்பி. பொக்கை வாயி கடிக்காது."

முரளி சிரித்துவிட்டான். "கழட்டுங்க."

பட்டறைத் தராசில் பம்பர் 62, விஞ்சு 38. சரியாக நூறு கிலோ. அதைக் கழற்றியதும் வண்டியின் மூக்கு, நீண்ட நேரம் சுமந்த மூட்டையை இறக்கியவர் முதுகை நிமிர்த்துவது போல, மெல்ல மூன்று சென்டிமீட்டர் எழுந்தது. முகப்பு விளக்கு இவ்வளவு நாளும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலை, நான் கேட்காமலே, முரளி மண்ணச்சநல்லூர் வரை தனியாகப் போய் அதே மேடையில் நிறுத்துச் சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பினான். முன்னால் 960, பின்னால் 790. கழற்றியது நூறு, முன்சக்கரத்தில் குறைந்தது நூற்று முப்பது. பின்சக்கரத்தில் முப்பது கூடியிருந்தது. அந்த நூறு கிலோ முன்சக்கரங்களுக்கும் முன்னால் தொங்கியதால், கையை நீட்டிக் குடத்தைப் பிடித்தவன் போல, முன்சக்கரங்கள் அந்த எடையைவிட அதிகமாகத் தாங்கிக்கொண்டிருந்தன; பின்பக்கம் அந்த அளவுக்கு லேசாகியிருந்தது. கணக்கு இவ்வளவு நேராக அமைவது அபூர்வம். பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டும் மேடை அது. இருந்தாலும் சீட்டுகளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வியாழன், காலை 8.05. மருத்துவமனை வாசல். செல்லம்மாவை முன் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தோம். வண்டியில் குலுக்கம் குறைந்த இடம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருப்பதுதான். பின் இருக்கை சக்கரத்தின் தலைமேல் இருக்கிறது. லலிதா கொடுத்தனுப்பிய இலவம்பஞ்சுத் தலையணை அவள் இடுப்புக்கு. பின்னால் நானும் பெரியசாமியும். அவர் மடியில் மருந்துப் பை, என் மடியில் நோட்டு.

"சார் இன்னைக்கும் எழுதறாரா?" என்றாள் செல்லம்மா, திரும்பாமல்.

"எழுதறாரு, எழுதறாரு" என்றார் பெரியசாமி. "நீ மூச்சு விடறதையும் எழுதுவாரு. பாத்து விடு."

டோல்கேட், மண்ணச்சநல்லூர், துறையூர். எங்கும் ஐம்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டின. வேகத்தடையில் மூக்கு ஒருமுறை குனிந்து ஒரேயடியாக நிமிர்ந்தது; இரண்டாவது குனிதல் இல்லை. உப்பிலியபுரம் 10.20, பத்து நிமிடம் நிறுத்தினோம். செல்லம்மா இறங்கி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். டாக்டர் சொன்னபடி. "மொகம் ஏன் மொட்டையா இருக்கு?" என்று ஜீப்பைக் காட்டி முரளியைக் கேட்டாள்.

"வேண்டுதல்ங்க" என்றான் முரளி. "உங்களுக்காக மொட்டை போட்டிருக்கோம்."

அவள் சிரித்தாள், உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்க வைக்காதே என்று நான் முரளியை அதட்டினேன்.

11.35, தார் முடியும் இடம். இரவு மேலே மழை பெய்திருந்தது. கீழே எங்களுக்கு ஒரு துளியும் இல்லை. முதல் கிலோமீட்டரில் தட் இல்லை. இரண்டாவதில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பிட்டால் கதவைத் தட்டிய அளவு. செல்லம்மாவின் வலது கை கதவுப் பிடியிலிருந்து இறங்கி மடிக்கு வந்ததைப் பார்த்தேன். மூன்றாவதில் இன்னொன்று. பிறகு ஓடை.

ஞாயிறன்று கணுக்கால் அளவுக்கு ஓடிய தண்ணீர் இன்று முழங்காலுக்குக் கீழே. கடந்துவிட்டோம். அக்கரையில் ஏறும்போது இடது முன்சக்கரம் கரைச்சேற்றில் அமிழ்ந்து வண்டி சாய்ந்து நின்றது. முரளி ஒருமுறை மிதித்தான். சக்கரம் சுழன்றது, வண்டி நடுங்கியது. உடனே காலை எடுத்துவிட்டான்.

இப்படி மாட்டினால் வண்டியை முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்டி எடுப்பார்களாம். இன்று ஆட்ட முடியாது. முரளி இறங்கி முன்னால் போனான். வெறும் இடத்தைப் பார்த்தான். எதிரே பத்தடி தூரத்தில், வேண்டுமென்றே நட்டு வைத்தது போல, ஒரு பலா மரம்.

"விஞ்சு இருந்தா பத்து நிமிஷம்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் அதிகமாக உறைத்தது.

அந்தப் பத்து நிமிடத்துக்காக முப்பத்தொரு தட் வாங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எடைமேடையில் ஏற்றியது யார்? பின் இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் போட்டது யார்? செல்லம்மாவின் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருக்கலாம் என்று டாக்டரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். நூறு கேள்வி கேட்டவன் அந்த ஒன்றைக் கேட்கவில்லை. 

பெரியசாமி கரையேறி, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். மேலேயிருந்து இன்னொரு விசில் வந்தது. கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். ஐந்து பேர் பெண்கள். மண்வெட்டி இரண்டு, கிணற்றுக் கயிறு ஒன்று. ஒருவர் நான்கு சக்கரத்தையும் பிடித்துத் தூக்கிவிடலாம் என்றார். இன்னொருவர் பின்னாலிருந்து ஒரே தள்ளு என்றார். நான் நடுவே போய், தள்ளக் கூடாது, உதறும், உதறும் என்று கத்திக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. அப்போது வண்டிக்குள்ளிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது.

"ஏய் பழனி! யாரு தள்ளச் சொன்னது? கல்லு போடு மொதல்ல. சின்னக் கல்லா போடு, உன் மண்டை மாதிரி எடுத்துட்டு வராத."

"வந்துட்டா!" என்று யாரோ ஒரு பெண் கைதட்டினாள். "இருபத்திநாலு நாளு ஊரு நிம்மதியா இருந்துச்சு."

"இருந்திருக்கும். வீட்டுக்கு வரேன், வெச்சுக்கறேன். கயித்தக் கட்டிட்டியா? இழுக்காத. பிடிச்சுக்கிட்டு நில்லு. நான் சொல்றப்ப இழு."

சக்கரத்தின் முன்னால் சேற்றைத் தோண்டினார்கள். கல் பரப்பினார்கள், அதன்மேல் பச்சை இலைக் கொத்துகள். கயிற்றை முன்கொக்கியில் மாட்டிப் பத்துப் பேர் பிடித்தார்கள். முரளி முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தும் வைக்காமலும் காத்திருந்தான். அவள் "ம்" என்றாள். கயிறு இறுகியது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது. "இரு." நின்றது. "ம்." இன்னொரு சாண். ஒவ்வொரு சாணையும் எண்ணினேன். ஒன்பதாவது சாணில் சக்கரம் கல்மேல் ஏறி, வண்டி நேரானது. ஒரு தட்டும் இல்லை. விஞ்சு இவ்வளவு மெதுவாக, சொன்ன இடத்தில் நின்று நின்று இழுத்திருக்குமா என்று தெரியவில்லை. அது செல்லம்மாவின் பேச்சைக் கேட்டிருக்காது.

12.50, நெல்லிப்பாறை. பெரியசாமியின் வீட்டு வாசலில் அவள் தானே இறங்கி நின்றாள். பெரியசாமி கை கொடுக்கப் போனார், தட்டிவிட்டாள். நிலைப்படியைத் தாண்டியபின் கட்டிலில் மெல்ல உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"கணக்கு சொல்லுங்க சார். எத்தன?"

"ரெண்டு."

"மூணு. சோபனபுரத்துக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க வாயப் பொளந்து தூங்கிட்டு இருந்தீங்க."

திருத்தி எழுதிக்கொண்டேன். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி இருக்கு. கிளம்பும்போது இருந்த வலிதான், புதுசா ஒண்ணும் சேரல" என்றாள். இதைவிட நல்ல சான்றிதழை என் முப்பத்து நான்கு ஆண்டு வேலையில் நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. பெரியசாமி சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து நீட்டினார். இருபத்தெட்டாவது. அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் முரளிக்குப் பலாச்சுளை எடுக்கப் போய்விட்டார்.

2.15க்குப் புறப்பட்டோம். ஓடை வரை பதினான்கு பேரில் ஒன்பது பேர் கூடவே நடந்துவந்து அதே கயிற்றோடு நின்றார்கள். தேவைப்படவில்லை. இறக்கத்தில், வளைவுக்கு வளைவு பிரேக் போட்டபோதும் ஜீப் தலையைக் கவிழ்க்காமல் இறங்கியது. வளைவுகள் பத்துதான். முரளி சொன்னது சரி.

6.20, ஸ்ரீரங்கம். எங்கள் வீதியில் பிரதான சாலையிலிருந்து வாசல் வரை நான்கு வேகத்தடைகள். நாற்பது ஆண்டுகளாக ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அவற்றின் மேல் ஏறி இறங்கி முனகியிருக்கிறேன். இன்று நான்கையும் ஒன்றும் சொல்லாமல் கடந்தேன். இங்கே நடுத்தெருவில் ஒரு வண்டி மாட்டிக்கொண்டால் ஹாரன் அடிக்கப் பதினான்கு பேர் வருவோம். கயிறு இருக்குமா?

இறங்கி, வண்டியின் முன்னால் நின்றேன். பம்பரை மாட்டியிருந்த இடத்தில் ஆறு போல்ட்டுத் துளைகள். ஆறிலும் கறுப்பு ரப்பர் மூடி அழுத்தி வைத்திருந்தது.

"இது எதுக்கு முரளி? நீ சனிக்கிழமை பம்பரை மாட்டிடுவேன்னு நினைச்சேனே."

"ஆறு வாரம் கழிச்சு அவங்கள செக்கப்புக்கு இறக்கணும்ல சித்தப்பா. திரும்ப ஏத்தணும். அதுவரைக்கும் உள்ள தூசி போக வேணாம்னு அடைச்சேன்."

"ஓடையில விஞ்சு இருந்தா பத்து நிமிஷம்னு சொன்னியே. அப்புறம் எப்போ மனசு மாறுச்சு? எங்க நிறுத்தி அடைச்ச?"

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னான். "மாறவே இல்ல சித்தப்பா. செவ்வாய்க்கிழமை கழட்டினப்பவே அடைச்சாச்சு."